‘நாத்திகர்’ என்பதற்குச் சான்று

காபி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இப்படிக் கிடைக்காது.

நான் சண்டைக்காரன் இல்லை. அணுபுரத்தில் என் தெருவில் யாரைக் கேட்டாலும் ஹரிகிருஷ்ணன் சாதுவான ஆள் என்பார்கள். பகலில் கம்ப்யூட்டர் வேலை. மாலையில், யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தலாம் என்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை. நடிகர் செழியரசனைப் பற்றிய கட்டுரையைத் தொடங்கியவனே நான்தான். ‘நாத்திகர், எந்தக் கட்சியும் சாராதவர்’ என்று எழுதினேன். எதிர் வீட்டு ஜெபகுமார் அதை அழித்துவிட்டு ‘முருக பக்தர், ஆளுங்கட்சி அனுதாபி’ என்று போட்டான். நான் அழித்தேன். அவன் போட்டான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவனுக்கு முருகன்மேல் என்ன அக்கறை என்று கேட்டேன். சந்தியாவந்தனம் செய்கிற உனக்கு நாத்திகத்தின்மேல் என்ன அக்கறை என்றான். அதோடு பேச்சு நின்றது.

உயிரோடு இருப்பவரின் நம்பிக்கையை அச்சில் வந்த சான்று இல்லாமல் எழுதக்கூடாது என்பது எங்கள் விதி. அதைக் காட்டி என் வரியைத் தூக்கிவிட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று சதுரங்கப்பட்டினம் கோட்டையில் ஷூட்டிங். இருவருமே போயிருந்தோம். செழியரசன் மதில்மேல் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேலே ஏறிப் போய் நேராகவே கேட்டேன். ஜெபகுமாரும் பின்னாலேயே ஏறி வந்தான்.

“வூட்ல பக்தன், மேடையில நாத்திகன். எந்தக் கட்சிக்காரன் கூப்ட்டாலும் போவேன். நாளைக்கு இன்னா சொல்வேன்னு எனக்கே தெரியாதுப்பா,” என்று சிரித்தார்.

“பாத்தியா மச்சான்? ஆளு உசுரோட கீற வரைக்கும் மாறிக்கினேதான் இருப்பாரு. வுட்டுடு. வா, டீ சாப்டலாம்,” என்றான் ஜெபகுமார்.

இரண்டு வருடம் கழித்து என்னிடம் பேசுகிறான். பேசியதும் நியாயமாக இருந்தது. இறந்தவர்கள் கட்டுரையில் இந்தத் தொல்லையே கிடையாது.

அவன் முன்னால் இறங்கினான். நான் செழியரசனின் முதுகில் கை வைத்தேன். வேகமாகக்கூட இல்லை.

விழும்போது “முருகா” என்று கத்தியதாக ஜெபகுமார் சொல்லியிருப்பான். கத்தினார், நான் மறைக்கவில்லை. ஆனால் அது எதிலும் அச்சாகவில்லையே.

வாசலில் நிருபர்கள் நிற்கிறார்கள். தள்ளியது நான்தான் என்று தாராளமாகச் சொல்லுங்கள். ‘நாத்திக நடிகர்’ என்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் சார், நாளைக்கு அச்சில் வந்துவிடும். எனக்கு இதில் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை. கட்டுரை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.