குழாயில் ஒரு நீலத் துண்டு

எனக்கு வரையத் தெரியாது, ஐயா. நான் பூனை வரைந்தால் தலையணை போலிருக்கும். இதை மில்காவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

மனைவி இவெலினாவை அடக்கம் செய்தபோது நான் அழவில்லை. மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. "உள்ளயே வச்சிருந்தா வெடிச்சிருவீங்க மாப்ளே" என்று, துக்கக்காரர்களைப் படம் வரையவைத்துக் குணப்படுத்தும் மில்காவிடம் சேர்த்துவிட்டார். வியாழன்தோறும், ஸ்லிவென் நகர வாசகசாலை மாடியில்.

மனதில் இருப்பதை வரையச் சொன்னார் மில்கா. என் மனதில் இருந்தது எங்கள் பால்கனி. விறகு அடுப்பின் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே வரும் இடம். குழாயின் வாயில் எங்கள் நீலக் குளியல் துண்டு. அவர் வெகுநேரம் பார்த்தார். குழாய் என் தொண்டையாம். நீலம் நான் விடாத கண்ணீராம். குழுவிலிருந்த இரண்டு விதவைகள் மூக்கைச் சிந்தினார்கள்.

"இல்லீங்க, அது எங்க வீட்டு அடுப்புக் குழாய்."

"வீடுன்னா அது நீங்கதானே, தம்பி" என்றார்.

பிறகும் அதையேதான் வரைந்தேன். ஒன்றில் இவெலினா காய்ச்சலோடு கட்டிலில் கிடந்தாள். ஒன்றில் என் கையும் துண்டும். என் முன்னேற்றம் எல்லோருக்கும் முன்மாதிரி என்றார் மில்கா. வாழ்க்கையில் நான் முன்மாதிரியாக இருந்தது அப்போதுதான்.

இறந்தவர் படம் போட்ட அறிவிப்பை நாற்பதாம் நாளும் ஆறாம் மாதமும் ஆண்டு நிறைவிலும் வாசற்கதவில் ஒட்டுகிறோம் அல்லவா. ஆண்டு நிறைவுக்குப் புகைப்படம் வேண்டாம், நீங்கள் வரைந்ததையே போடுங்கள் என்பது மில்காவின் யோசனை. துக்கம் தெருவுக்கு வரட்டும் என்றார். வந்தது.

மேல்வீட்டு பென்சோ முப்பது வருஷம் அடுப்பு மாட்டிய ஆள். கலை தெரியாதவர். ரொட்டிப் பையோடு கதவுமுன் நின்றுவிட்டார்.

"டேய் அசேன், இது நான் மாட்டுன குழாய்தானே. அதுல எவன்டா துண்டத் திணிச்சது?"

ஒரு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

"நான்தான் மாமா" என்றேன். அவர் உங்கள் ஸ்டேஷனுக்குத் தொலைபேசினார். மில்கா நேற்று எனக்கு வண்ணப் பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறார்.

காரணம் கேட்டீர்கள். இவெலினா தினமும், "என்ன யோசிக்கிற?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. "மனசுல இருக்கறதக் கொட்டிரு" என்பாள். நான்கு வருஷம்.

கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபமே வராது. அன்று காலை குழாயை அடைத்துவிட்டு உள்ளே வந்து, அடுப்பில் இன்னும் இரண்டு விறகு வைத்து, போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். குளிர் தாங்கமாட்டாள்.