தொடாமல் விட்ட தோள்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளிவாசல் பெரியவர்களே, எங்கள் பங்குச் சாமியாரே, பூ மார்க்கெட் சொந்தங்களே, முன்வரிசையில் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் ராவுத்தர் மகள் ரஃபியா தாயி, எல்லாருக்கும் மூட்டை தூக்குகிற இஞ்ஞாசியின் வணக்கம்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். இந்தத் தாளை என் மகள் ரீனா படித்துப் பார்த்துவிட்டு, ஒரு இடத்தை அழித்துவிடச் சொன்னாள். நான் அழிக்கவில்லை.

நாம் இரங்கல் சொல்லக் கூடியிருப்பது தராசு ரிப்பேர்க் கடை ஹபீப் கனி ராவுத்தருக்கு. நம்ம மார்க்கெட்டில் அவர் கை படாத தராசு உண்டா? அவர் சொன்ன எடையை எதிர்த்துப் பேசின வியாபாரி உண்டா? ஆனாலும் அவரைப் பெரியவர் என்று நாம் சொல்வது தராசுக்காக இல்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த அறைக்காக.

பதினோரு வருசம். வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பாய் அங்கே வந்து உட்காருவார். மூச்சு உள்ளே போகையிலும் வெளியே வருகையிலும் மனசுக்குள் அல்லாஹ்வின் பேர். திக்ரு என்பார். பக்கத்தில் பழனிக்குமார், வருசா வருசம் தைப்பூசத்துக்கு நடக்கிறவன். அவனுக்கு முருகன் பேர். எனக்கு இயேசுவின் பேர். "உனக்குப் பழகின பேரையே சொல்லுப்பா" என்றுதான் பாய் சொன்னார்.

முதல் வாரம் நான் என்ன செய்தேன்? குறட்டை விட்டேன். பழனிக்குமார் உலுக்க வந்தான். பாய் தடுத்தார். "தொடாதப்பா. நம்மள முந்திக்கிட்டு உள்ள போயிட்டான். அவனா வரட்டும்." அந்தக் கேலியில்தான் எங்கள் சட்டம் பிறந்தது. உள்ளே போன ஆளைத் தொடக்கூடாது.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். அறுபது கிலோ மூட்டையை இறக்கி வைத்ததும் தோள் தானாக மேலே எழும்புமே, அது. உடம்பு முழுக்க அது. மூட்டையும் இல்லை, தூக்கினவனும் இல்லை. பதினோரு வருசத்தில் நாலு தடவை எனக்கு வாய்த்தது.

மூணு வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை, அஞ்சாவது தடவை வாய்க்கும்போல இருந்தது. அப்போது பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கண்ணைத் திறந்தேன். பாய் எழுந்திருக்கவில்லை.

பாங்கு கேட்டு எழுந்திருக்காத ஆளா அவர்? காய்ச்சலிலும் எழுந்தவர் இல்லையா? எனக்குத் தெரியாதா? அவர் தோளுக்கு நேராக என் கை போனது.

"அண்ணே, கையை எடுங்க. ஆழத்துல இருக்காரு" என்றான் பழனிக்குமார்.

எடுத்துவிட்டேன். அவனைக் குறை சொல்லவில்லை. கை என்னுடையது. எடுத்ததோடு விட்டேனா? திரும்பவும் கண்ணை மூடினேன். அந்த அஞ்சாவது தடவையை விட்டுவிடக் கூடாது என்று மூடினேன். ரீனா அழிக்கச் சொன்ன இடம் இதுதான்.

அரை மணி நேரம் கழித்து ரஃபியா டீ கொண்டுவந்தாள். "அத்தா" என்று தொட்டாள். பாய் அப்படியே சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்றார்கள். வெளியே வந்து ரஃபியா என்னிடம் கேட்டாள்: "ரெண்டு பேரு பக்கத்துல இருந்தீங்களே மாமா, ஒரு கைகூடவா இல்ல?"

அன்றே அவள் அறையைப் பூட்டினாள். சாவி இப்போதும் அவள் கையில்தான் இருக்கிறது.

பூட்டியது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை, தாயி. எல்லார் முன்னாலும் ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். அந்த அறை திறந்தால் ஒவ்வொரு வியாழனும் வருவேன். உட்காருவேன். கண்ணை மூட மாட்டேன். மற்றவர்கள் மூடட்டும். அவர்கள் நெஞ்சு ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பாங்கு சொன்னதும் ஒவ்வொரு தோளையும் தொடுவேன். குறட்டையும் இருக்காது, பழனிக்குமார் நிம்மதியாக இருக்கலாம். அஞ்சாவது தடவை எனக்கு வேண்டாம்.

திறக்காவிட்டாலும் வருவேன். வெளியே படியில் உட்கார்ந்திருப்பேன், கண்ணைத் திறந்துகொண்டு.

இன்றைக்கு வியாழக்கிழமை. அஸருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.