பதினாலாம் மலையின் மண்ணைத் திருத்தி எழுதிய தங்கையா அவர்களுக்கு

மண்ணை முகர்ந்தே மழையின் அளவு சொல்லும் மதிநுட்பமே! கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும்வரை கையிலிருக்கும் தேநீரை ஆறவிடும் ஆர்வமே! ஊலு மாவார் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள், எண்ணிட்ட தேயிலைச் சரிவுகளின் வேலையும் கணக்கும் பார்க்கும் மலைக் கிராணியாக ஏறி இறங்கி, இன்று ஓய்வு பெறும் எங்கள் அன்பிற்குரிய திரு. தங்கையா அவர்களே! வணக்கம்.

இத்தகைய மடலில் நற்குணங்களை வரிசையாக அடுக்குவது வழக்கம். அவை தங்களிடம் குறைவின்றி இருந்தாலும், எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவன தங்கள் கேள்விகளே. ஆறாம் மலையில் மட்டும் பனி ஏன் முதலில் விலகுகிறது? பக்கத்து ஊரான திரிங்காப்பின் முட்டைக்கோசுக்கு வாய்த்த கறுப்பு மண் நமக்கு ஏன் வாய்க்கவில்லை? விடை தேடிப் போன இடமெல்லாம் தாங்கள் ஒரு மண்கட்டியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். துவைக்குமுன் அந்தப் பைகளைத் தட்டித் தட்டியே தங்கள் துணைவியார் சீதா அம்மையாரின் பொறுமை பண்பட்டது என்பதை இந்த அவை அறியும்.

1984ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து ஒரு மண் ஆய்வுக் குழு வந்தது. அதன் தலைவர் டொனால்ட், செயற்கைக்கோள் எடுத்த படமொன்றை அலுவலக மேசையில் விரித்தார். உலக நாடுகளின் மண்ணையெல்லாம் ஒரே வரைபடத்தில் சேர்க்கும் முயற்சிக்கு நம் மலைகளும் போகவிருக்கின்றன என்றார். தழைத்த செடி அந்தப் படத்தில் சிவப்பாகத் தெரியும். தோட்டம் முழுவதும் சிவந்திருக்க, பதினாலாம் மலை மட்டும் நகக்கண் அளவில் சாம்பல் பூத்துக் கிடந்தது. அம்மலையிலிருந்து தாங்கள் பதினோரு ஆண்டுகளாக எடுத்தனுப்பிய மண்ணின் பதிவேடும் சரளை, ஆழமில்லை என்றே சொன்னது. வானமும் ஏடும் ஒன்றையே சொன்ன பிறகு தோட்ட மேலாளரான துரைக்குத் தயக்கம் இருக்கவில்லை. மலையைக் கைவிடுவது என்றும், அதன் அடிவாரத்துத் தொழிலாளர் லைன் வீடுகளிலுள்ள பதினெட்டுக் குடும்பங்களை வேறு தோட்டத்துக்கு அனுப்புவது என்றும் முடிவாயிற்று.

எல்லாரும் தலைகுனிந்து நின்றபோது, தாங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினீர்கள். அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது? தினமும் வருமா? மேகம் மூடினால் என்ன செய்யும்? பதினாறு நாளைக்கு ஒருமுறை வரும் என்றும், இந்த மலைநாட்டில் எப்போதும் மேகம் மறைப்பதால் ஆண்டுக்கு ஒரு படம் தெளிவாகக் கிடைத்தாலே பெரிது என்றும் டொனால்ட் விளக்கினார். அப்படியானால் இந்தப் படத்தை எடுத்தது எந்த நாளில் என்று கேட்டீர்கள். அதை அதுவரை யாருமே கேட்கவில்லை.

படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் தேதி இருந்தது. முந்தைய ஆண்டு பிப்ரவரி. அம்மலையின் வேலையாட்களை மேற்பார்க்கும் காளிமுத்து கங்காணியின் வேலைப் புத்தகத்தைப் புரட்டினால், பதினாலாம் மலையில் கவ்வாத்து வெட்டி முடித்து ஆறு நாளே ஆகியிருந்தது. இலையெல்லாம் வெட்டித் தள்ளிய மொட்டைச் செடிகளைத்தான் அது மேலிருந்து பார்த்திருக்கிறது. அலுவலகமே மூச்சு விட்டது. ஆனால் டொனால்ட் விடவில்லை. படம் ஏமாந்தது சரி, உங்கள் ஏடு ஏன் அதையே சொல்கிறது என்று கேட்டார்.

அடுத்த இரண்டு நாள் தாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி கேட்டே பழகியவருக்கு விடை தெரிந்துவிட்டது என்பது எங்களுக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் காலை துரையின் முன் நின்று சொன்னதை, சொன்னபடியே இங்கே எழுதுகிறோம்.

“படமாவது மலைய பாத்துச்சு தொரை. நான் ரோட்டோரத்து மண்ண அள்ளிட்டு நடுமலைன்னு எழுதினேன். பதினோரு வருசமா.”

நடுமலையில் முனியாண்டி கல் இருக்கிறது. அதைச் சுற்றி மண்ணில் இரும்பு இறக்கக்கூடாது என்பது நாம் எல்லாரும் காத்துவரும் கட்டு. அதை மீற மனமில்லாமல், முன்னொரு காலத்தில் சாலை போடக் கொட்டிய சரளையிலிருந்தே தாங்கள் மண் எடுத்து வந்தீர்கள். எங்களில் யார் போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் ஓய்வு பெற இரண்டே ஆண்டு இருக்கையில், வாயைத் திறந்தால் வேலையும் பெயரும் போகும் என்று தெரிந்தும் அதை ஒப்புக்கொள்ள எங்களால் முடிந்திருக்காது. ஐயா, எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

துரை ஏட்டை மூடி வைத்தார். பிறகு, போய்த் தோண்டிப் பாருங்கள் என்றார். தாங்கள் தேங்காய் உடைத்து, முனியாண்டியிடம் உத்தரவு கேட்டு, மண் எடுக்கும் திருகுக் கம்பியை நடுமலையில் இறக்கினீர்கள். ஓரடி, மூன்றடி, ஐந்தடி இறங்கியும் கல் தட்டவில்லை. கம்பியோடு ஏறி வந்த செம்பழுப்பு மண்ணை டொனால்ட் இரு கைகளிலும் ஏந்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். காளிமுத்து கங்காணி அழுதுவிட்டார். அவர் வீடு அந்த லைனில்தான்.

உலக வரைபடத்துக்காக டொனால்ட் கேட்ட தோட்டத்து ஏட்டை வெளியே கொடுக்க மேலிடத்துக்கு விருப்பமில்லை. பிழையான பக்கங்களைக் கிழித்துவிட்டுத் திருத்தியதை மட்டும் அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. தாங்கள் அதற்கும் இணங்கவில்லை.

“தப்பா எழுதுனதையும் சேத்தே அனுப்புங்க தொரை. வேற நாட்டுல எவனாச்சும் இதே தப்ப பண்ணாம இருப்பான்லா.”

முனியாண்டி கல்லுக்கு அஞ்சி நேர்ந்த பிழை என்ற குறிப்போடு அவ்வாறே போயிற்று. தங்களைக் கண்டு பக்கத்து ஊரான கோலா தெர்லாவின் காய்கறித் தோட்டக்காரர்களும் தம் மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்று எந்தத் தேசத்தில் எவர் அந்த ஏட்டைப் புரட்டுகிறாரோ நாங்கள் அறியோம். அவர் முனியாண்டி யார் என்று கேட்டு டொனால்டுக்குக் கடிதம் எழுதினால் தாங்கள்தான் பதில் எழுத வேண்டும். ஓய்வு பெற்றாலும் அந்த வேலையிலிருந்து விடுதலை இல்லை!

இந்த மடலின் பின்பக்கம் டொனால்ட் இவ்வாண்டு அனுப்பிய புதிய படத்தை ஒட்டியிருக்கிறோம். கண்ணாடிச் சட்டம் மாட்டுமுன் திருப்பிப் பாருங்கள். பதினாலாம் மலை சிவந்திருக்கிறது.

கண்ணொளி குன்றாமல், கால் தளராமல், கேள்வி ஓயாமல், சீதா அம்மையாரோடு தாங்கள் நூறாண்டு நலமே வாழ்க! பைகளில் இனியும் மண் நிறைக!

ஊலு மாவார் தோட்டம்
31.12.1986

இங்ஙனம்,
தோட்ட அலுவலகப் பணியாளர்கள்,
கங்காணிமார்கள்,
மற்றும் பதினாலாம் மலையடியில் இன்றும் குடியிருக்கும் பதினெட்டு வீட்டார்