1684-ஆம் வருஷத்துக் கக்கூஸ்

ஆணி அடிக்காதீங்கம்மா, நிறுத்துங்க! கக்கூசுக்குப் போய்ப் பலகையா? "பாதுகாக்கப்பட்ட கட்டிடம், 1684"னு... ஸ்லேக்டன் ஊரே சிரிக்குது! கவுன்சில்ல உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?

இல்லல்ல, கேளுங்க. இதை இடிச்சாத்தான் என் வீட்டுக்காரி வின்னியோட சக்கர நாற்காலி தெருவுக்குப் போகும். அளந்துட்டேன்... நாற்காலி இருபத்தாறு அங்குலம். வீட்டுக்கும் இதுக்கும் நடுவுல சந்து இருபத்துநாலு. ரெண்டே அங்குலம்மா! பதினோரு வாரமா அவ வெளியவே வரல. உள்ள உக்காந்து அடுத்த வீட்டுப் பூனையத் திட்டிக்கிட்டிருக்கா.

வரலாறா? எனக்கேவா! இந்த ஊர் வரலாறு எழுதுன ஆல்பின் மிட்ஜ்லியே நான்தாம்மா. மொதல்ல இங்க துறவிங்க இருந்தாங்க. ஜெபம் பாதி, இரும்பு உருக்கறது பாதி. ராஜா அவங்கள வெரட்டுனதும் ஆணி செய்யற கொல்லருங்க வந்தாங்க. அப்புறம் கம்பளி மில்லு... சாயத்தண்ணியில ஆறு திங்கக்கெழம செவப்பு, செவ்வாக்கெழம நீலம். வாத்துகூட நெறம் மாறுச்சு! ஹார்மோனியம் வேணுமா வேணாமான்னு அடிச்சுக்கிட்டு ஒரு சர்ச்சு மூணாச்சு. மூணும் ஒழுகுச்சு.

அறுபத்தொண்ணுல மில்லு எரிஞ்சு போச்சு. சூடு ஆறல, அதுக்குள்ள ஊரே தள்ளுவண்டியோட நிக்குது! மில்லுக்கல்லு இல்லாத வீடு இங்க ஒண்ணு காட்டுங்க பாப்போம். பாதிரியார் வீட்டு அடுப்புகூட... சரி, அத விடுங்க.

என்ன? வாசக்கல்லுல 1684னு வெட்டியிருக்கா? இருக்கு. என் புத்தகத்துல பதினாலாம் பக்கம், இதப் பத்தி "ஆணிப்பட்டறை முதலாளி வீட்டுல மிஞ்சுன ஒரே சொவரு"ன்னு போட்டிருக்கா?

...போட்டிருக்கு.

மில்லு எரிஞ்சப்ப முதலாளி மகன் கல்லத் தேடிப் போலீசோட வீடு வீடாச் சுத்துனான்மா. மத்தவங்க எடுத்ததெல்லாம் வெறுங்கல்லு. நான் ஒருத்தன்தான் வருஷம் வெட்டுன மில்லு வாசக்கல்லத் தூக்கிட்டு வந்து கக்கூசு மேல வெச்சவன்! அழகா இருந்துச்சு, என்ன பண்ண? அது எப்பவும் இங்கதான் இருந்துச்சுன்னு காட்ட ஒரு ஆதாரம் வேணும்ல? அதுக்குத்தான் அந்தப் புத்தகத்தையே எழுதுனேன். ஊர்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல. தொறந்தா அவங்கவங்க சொவத்தயும் தடவிப் பாப்பாங்களே!

இப்ப ஆறாவது பதிப்பு. பள்ளிக்கூடத்துல அதத்தான் பரிசாக் குடுக்கறாங்க...

ரெண்டு அங்குலம்.

பேனா இருக்கா? எழுதிக்கங்கம்மா. கட்டுனது ஆல்பின் மிட்ஜ்லி, 1961 ஆகஸ்டு. கல்லு திருட்டுக் கல்லு. பதினாலாம் பக்கம் பொய்யி... பதினஞ்சும்தான். ம்ம்... பதினாறுல பாதி.

கையெழுத்து எங்க போடணும்?