கிளியக்காவின் சுவர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உறைமழையில் கம்பி அறுந்திருக்கிறது, விடியும்வரை மின்சாரம் வராது. இது நம் வசந்தினியின் ஒன்றுவிட்ட அண்ணன் மதிசுதனுக்கு நடந்தது. நம்பாதவர்கள் அவனிடமே கேட்டுப் பாருங்கள்... பேச்சை மாற்றிவிடுவான்.

தை மாதம், பின்னேரம் ஐந்து மணி. மொன்றியலில் அது இரவு. லாசால் பகுதியில் ஆற்றோரமாக ஒரு தெரு. ஒரு பக்கம் தொழிற்சாலை மதில், மறுபக்கம் ஆள் உயரத்துக்குப் பனி. தெருவின் கடைசியில் நகரசபையின் பழைய வாடகைக் குடியிருப்பு. மதிசுதன் வாகனத்தை நிறுத்தியபோது அங்கே வேறு வாகனமே இல்லை.

அந்தக் கட்டடத்துச் சுவர்களுக்குள் நுரை அடித்துக் குளிர் புகாமல் அடைக்க நகரசபை விலை கேட்டிருந்தது. விலை சொல்பவர் முதலில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்கவேண்டும் என்பது விதி. மூன்று ஒப்பந்தக்காரர்கள் முன்வந்தார்கள். இரண்டு பேர் பார்த்துவிட்டு வந்த மறுநாளே விலகிக்கொண்டார்கள். கைநிறைய வேலை இருக்கிறதாம். அதுவும் வேலை ஓய்ந்து கிடக்கும் தை மாதத்தில்! நகரசபையின் மெலனி இதைச் சொன்னபோது மதிசுதனுக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை. பன்னிரண்டு வருடம் பிறரிடம் தூசி தின்றவன். சொந்தப் பெயரில் கிடைக்கப்போகும் முதல் பெரிய வேலை. இது தவறினால் திரும்பவும் அடுத்தவனுக்குத்தான் நுரை அடிக்கவேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று கிளம்பிவிட்டான்.

பார்ப்பது இப்படித்தான். வாசலில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார்கள். அப்போது ஓட்டை உள்ள இடமெல்லாம் வெளிக்காற்று உள்ளே சீறும். புகையைக் கிட்டப் பிடித்தால் அது அறைப்பக்கம் கலையும். அந்தப் புகைக்கென்று ஒரு குழாய் உண்டு. கடைசி வீட்டுக்கு வரும்போது அது தீர்ந்துவிட்டது. வாகனத்தில் தேடியதில் ஒரு சாம்பிராணிக்குச்சிப் பெட்டி அகப்பட்டது, மாமனாரின் செத்தவீட்டுக்கு வாங்கிய மிச்சம். செத்தவீட்டுச் சாமான் மிஞ்சக்கூடாது, எறிந்துவிடுங்கள் என்று மனைவி றொஷினி சொல்லித்தான் இருந்தாள். எறியச் சோம்பல்.

கீழ்த்தளத்தில் அந்தக் கடைசி வீடு வெறுமையாகக் கிடந்தது. நனைந்த கம்பளி மணம்... அதற்குள் கொஞ்சம் தைல மணம். குளிருக்காக யாரோ யன்னலில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். விசிறியைப் போட்டான். தாள் உள்ளே புடைத்தது. சரிதான். குச்சியைக் கொளுத்திப் பின்சுவரருகே பிடித்தான்.

புகை சுவருக்குள் போனது.

அப்படிப் போகவே கூடாது. கொஞ்சம் நின்றது... பிறகு மெல்ல, அவன் முகத்துக்கு நேரே திரும்பி வந்தது.

விசிறி பழுதாக்கும் என்று நினைத்தான். அதைப் பார்க்கக் கை வேண்டுமே. குச்சியைச் சுவர் வெடிப்பில் குத்திவைத்தான், இறந்தவர் படத்துக்கு முன்னால் குத்துவோமே, அதேபோல. போய் விசிறியை நிறுத்தினான்.

அமைதி...

சர்ர்க். யன்னல் தாள் புடைத்தது. சர்ர்க். அடங்கியது. விசிறி இல்லை, காற்று இல்லை. சர்ர்க்... சர்ர்க். ஆஸ்துமாக்காரர் தூங்குவது போல.

மதிசுதன் வெளியே வந்தபோது, மேல்வீட்டுச் சிவநேசம் படியில் நின்றார். அவருடைய முகம் நன்றாக இல்லை.

“உங்கை ஆர் தம்பி சாம்பிராணி கொளுத்தினது?”

“நான்தான் அண்ணை. காத்துப் பாக்க.”

“அது கிளியக்கான்ரை வீடு. போன வருசம் உந்தக் குளிருக்கைதான் மூச்சு முட்டிப் போனவ. கொள்ளி வைக்க ஒருத்தருமில்லை, நகரசபைக்காரர்தான் எடுத்தடக்கினவை. நீர்தான் முதன்முதல் அவவுக்கு ஒரு குச்சி கொளுத்தியிருக்கிறீர்.” கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு படி கீழே இறங்கினார். “அவவின்ரை பின்சுவரை மட்டும் அடையாதையும்.”

கெடுகுடி சொற்கேளாது. ஒரு சுவரை விட்டால் சோதனையில் கட்டடமே தவறிவிடும், வேலையும் போய்விடும். விலையைக் கொடுத்தான். போட்டிக்கு யாருமில்லை, அவனுக்கே கிடைத்தது.

அந்தச் சுவரை அடைக்க வேலையாட்கள் தயங்கினார்கள். சித்திரையில் அவனே துளையிட்டு நுரை அடித்தான். நுரை உப்பி இறுகும்போது உள்ளே ஒரு சத்தம்... போர்வைக்குள் இருமுவது போல. வானொலியைப் பலமாக வைத்துவிட்டு அடித்து முடித்தான்.

மெலனி வந்து விசிறி பூட்டிப் பார்த்தாள். மயிரிழை அளவும் கசிவில்லை. கைகொடுத்து, இன்னும் மூன்று கட்டடங்கள் இருக்கின்றன என்றாள்.

அன்றிரவு, பியர்பொன்ட்ஸில் அவனுடைய சொந்த வீட்டில், நாலு வயது மகள் வினோஜா எழுந்து உட்கார்ந்தாள். வாய் திறந்திருக்கிறது, மூச்சு வரவில்லை. உதடு நீலம். றொஷினி பதறிப்போய் யன்னலைத் திறந்தாள். பிள்ளை மூச்சை இழுத்தாள். மருத்துவமனையில் எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மதிசுதன் யன்னலை மூடப் போனான். அது அவனே சுவரெல்லாம் நுரையடித்து அடைத்த வீடு.

“மூடாதேங்கோ அப்பா,” என்றாள் பிள்ளை. “ரெண்டு பேருக்குக் காத்துக் காணாது.”

பிறகு வேறு அறையில் படுக்கவைத்தார்கள், மாமியார் வீட்டிலும் படுக்கவைத்தார்கள். எங்கே போனாலும் யன்னலை மூடினால் மூச்சு நின்றது.

இன்றைக்கு மதிசுதன் பெரிய ஆள். ஊரார் வீட்டுக் குளிரையெல்லாம் அடைக்கிறான். நீங்கள் அவன் வீட்டைக் கடந்து போனால் தெருப்பக்க அறையைப் பாருங்கள். தண்ணீர் கல்லாகும் குளிரிலும் அந்த யன்னல் திறந்தேதான் இருக்கும். உள்ளே பிள்ளை தொப்பியும் கையுறையும் போட்டுத் தூங்கும். காற்று அசையாத இரவிலும் திரைச்சீலை வெளியே போகும்... உள்ளே வரும்.

றொஷினி மகளின் நெஞ்சில் கைவைத்தபடி விடியவிடிய அதைப் பார்த்திருப்பாளாம். திரை ஒருமுறை, பிள்ளை ஒருமுறை. மாறி மாறி.

இப்போதெல்லாம் திரையின் முறை கொஞ்சம் நீளமாம்.