தெப்பக்குளத்து மேடையில் விழுந்த கம்பு

— அதெல்லாம் விடு தாயி. ‘ஆர்வத்துல அடிச்சுட்டேன், தப்புதான்’னு என் போனப் பாத்து ஒரு வார்த்த சொல்லிரு. கம்பெனிக்கு அனுப்பிட்டு நான் பாட்டுக்குப் போறேன்.

— எதுக்கு மன்னிப்பு, மருதுண்ணே?

— எதுக்கா? நேத்து ஊரே பாத்துச்சே பாண்டிமீனா. படம் ஓடுன சந்தோசத்துல தெப்பக்குளத்துக்கு முன்னால மேடை போட்டாங்க. கதாநாயகி ஸ்ரீலக்ஷ்மியும் நீயும் சும்மா ரெண்டு சுத்து சிலம்பம் ஆடுங்க, கடைசியில நீ கம்பக் கீழ விட்டுருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கடைசியில பாத்தா அந்தப் பிள்ள கம்புல்ல கீழ கெடக்கு! ரசிகருங்க உன்ன எம்புட்டு அசிங்கமாத் திட்டுறாங்கன்னு பாத்தியா?

— பாத்தேன். ‘ஸ்ரீலக்ஷ்மியப் பாத்துக் கம்பு பிடிக்கக் கத்துக்க’ன்னு ஒருத்தன் எழுதிருக்கான். தியேட்டர்ல அவன் விசிலடிச்ச வீச்சு அம்புட்டும் என் வீச்சுண்ணே.

— எனக்குத் தெரியாதா? உன்ன டூப்பாக் கூட்டிட்டுப் போனதே நான்தான.

— அப்ப அலங்காநல்லூர்ல களத்து மேட்டுலருந்து குதிக்கச் சொல்லி நான் விழுந்ததும் தெரியும்ல? தோள் மூட்டு நழுவி, கையத் தூக்க முடியாம கெடந்தேன். எங்க வீட்டுக்காரருதான் எனக்குத் தலை பின்னி விட்டாரு. படம் வந்துச்சு. காலு என்னுது, முதுகு என்னுது, திரும்புனா மொகம் மட்டும் அவளுது. சரி, சினிமான்னா அப்பிடித்தான்னு வாய மூடிட்டு இருந்தேன்.

— நேத்தும் அப்பிடியே இருந்துருக்கலாம்ல?

— டிவியில உக்காந்துக்கிட்டு, ‘டூப்பே போடல, எல்லாம் நானே பண்ணது’ங்கிறா. அதையும் பொறுத்துக்கிட்டேண்ணே. மேடையில மைக்கப் பிடிச்சவன் என்ன சொன்னான்? ‘கிராமத்துல காலம்பூராக் கம்பு சுத்துறவங்களுக்கு வராதது நம்ம ஹீரோயினுக்குக் கொஞ்ச நாள்ல வந்துருச்சு’ன்னான். நான் சிலம்பம் பழக்குற பொம்பளப் பிள்ளைக முன்னால உக்காந்துருக்குக. அதுக மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்குறது?

— அவன் ஒரு கிறுக்கன். அதுக்கு அந்தப் பிள்ள என்ன செய்யும்? கம்பெனி எழுதிக் குடுத்தத டிவியில ஒப்பிச்சுச்சு. இந்தா பாரு, இனிமே மதுரக்காரங்க யாரையும் சண்டைக் காட்சிக்குக் கூப்பிட மாட்டோம்னு மேனேஜர் சொல்லிட்டான். சிவபாண்டி, பேயாண்டின்னு நம்ம சிலம்பக்காரப் பயலுக எல்லாரும் என்னய நம்பித்தான் இருக்காங்க.

— அதான் விடியவும் வண்டிய எடுத்துட்டு வில்லாபுரம் வந்துட்டீகளா? எங்க பேரப் படத்துல போடச் சொல்லி ஒரு வார்த்த கேட்டீகளா?

— கேட்டேன் தாயி. போடுறேன்னாங்க. போடல.

— போடலன்னதும் அவங்ககிட்டப் போனத் தூக்கிட்டுப் போயி மன்னிப்புக் கேக்கச் சொன்னீகளா?

— எங்கிட்டுப் போயிக் கேக்குறது? அவங்க பெரிய எடம்.

— நல்லாருக்கே கத. பெரிய எடம் பொய் சொன்னா அது சினிமா. நான் சும்மா நின்னா அது குத்தம். முடியாதுண்ணே. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். திட்டுறவன் திட்டிட்டுப் போறான்.

— செய்யாத தப்பா? நான் மேடைக்குப் பக்கத்துலதான நின்னேன். கம்பும் கம்பும் மோதுச்சு, மறு நிமிசம் அந்தப் பிள்ள வெறுங்கையோட நிக்கிது. சரி, மன்னிப்பு வேணாம். ஏன் தட்டுனன்னாவது எனக்குச் சொல்லு.

— மொதல்ல அந்தப் போன அமத்துங்க.

— அமத்திட்டேன்.

— வெளிய யார்ட்டயும் சொல்லக் கூடாது. கம்பெனிக்குத் தெரிஞ்சா அவளுக்கு அடுத்த படம் குடுக்க மாட்டாங்க.

— யாருக்கு?

— நான் கம்ப விடத்தாண்ணே போனேன். விரலக்கூடத் தளத்திட்டேன். ரெண்டு கம்பும் குறுக்க நிக்கிது, அவ மொகம் எம் மொகத்துக்கிட்ட. ‘இறுக்கிப் பிடிங்கக்கா’ன்னா. சொல்லிட்டு, அவ கம்ப அவளே விட்டுட்டா.