பலகையைத் தொட்டுப் பார்த்த கை

செம்மலை சிமெண்ட் ஆலையின் முதுநிலைப் பாதுகாப்பு அலுவலராக இருந்து பணி நிறைவு பெறும் திருமிகு மலர்கொடி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து அளிக்கும் பாராட்டு மடல்

தா.பழூர் வயல்வெளி தந்த தகைசால் தாயே! சுண்ணாம்புப் புழுதியிலும் சுடர் குன்றாத சொல்லுக்கு உரியவரே! சங்கு ஊதும் முன்னரே விழித்துக்கொள்ளும் எங்கள் ஆலையின் கண்ணே! தலைக்கவசம் இன்றி வருபவர் மேலாளரே ஆனாலும் வாயிலிலேயே நிறுத்தி, வாடாத புன்னகையோடு திருப்பி அனுப்பிய வாஞ்சைமிகு வன்மையே! வணக்கம்.

தங்களை எதிரில் உட்காரவைத்துப் புகழ்வது எளிதன்று என்பதை நாங்கள் அறிவோம். பாராட்டுப் பேச்சு தொடங்கியதும் பந்தலின் மின்கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எழுந்து போய்விடுவது தங்கள் வழக்கம். ஆகவே இந்த மடலில் ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். வேறு யாரோ ஓர் அம்மையாரின் கதையைச் சொல்வதுபோல் தங்கள் கதையைச் சொல்லப் போகிறோம். தாங்களும் வேறு யாரோ ஒருவருடைய கதை என்றே எண்ணி, கடைசி வரி வரை இருக்கையிலேயே இருக்க வேண்டுகிறோம். மின்கம்பியைக் காலையிலேயே சோதித்துவிட்டோம்.

அரியலூருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கல் எடுத்து முடித்த பழைய சுரங்கப் பள்ளத்தில் மழைநீர் தேங்கித் தேங்கி, பச்சைப் பசேலென்று ஓர் ஏரி உண்டானதுதான் உறவு. அந்தத் தண்ணீரில் பாய்மரப் படகு விட ஆசைப்பட்ட ஊழியர்கள் ஒரு கழகம் தொடங்கினார்கள். நாளடைவில், அக்கம்பக்கத்து ஆலைகளின் அணிகளோடு ஆண்டுக்கு ஒருமுறை கொள்ளிடத்து முகத்துவாரத்துக்குத் தெற்கே கடலோரப் பந்தயம் நடத்தும் அளவுக்கு அந்த ஆசை வளர்ந்தது. "பள்ளத்துத் தண்ணியில படகு வுட்டவனெல்லாம் கடலுக்கு வந்துட்டான்" என்று எறையூர் ஆலை அணியினர் இன்றைக்கும் கேலி செய்வார்கள்.

பந்தயத்துக்குப் பாதுகாப்பு விதிகள் எழுதித் தரும்படி ஆலை நிர்வாகம் அம்மையாரைத்தான் கேட்டது.

"எனக்குக் கடல் தெரியாதுங்க. ஆனா மனுசங்க எந்த நேரத்துல அவசரப்படுவாங்கன்னு தெரியும். அத வச்சு எழுதித் தரேன்" என்றார் அவர்.

அப்படியே எழுதினார். மீட்புப் படகு ஓட்டும் அழகேசனைப் போன்ற மீனவர்களோடு மணலில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதினார். மிதவை அங்கியின் கடைசி வார் வரை இறுக்கிய பிறகே படகில் கால் வைக்க வேண்டும். கழுத்தில் விசில் இல்லாதவர் கரையை விட்டு நகரக் கூடாது. படகு கவிழ்ந்தால் கரை எவ்வளவு கிட்டத்தில் தெரிந்தாலும் நீந்திப் போக நினைக்காமல் படகைப் பிடித்துக்கொண்டு, மும்மூன்று முறையாக விசில் ஊத வேண்டும். பக்கத்துப் படகு ஆபத்தில் இருந்தால் பந்தயத்தை விட்டுவிட்டு அதனிடம் போக வேண்டும். அப்படிப் போனவருக்குப் பந்தயத்தில் குறை வராதபடி நடுவர் பார்த்துக்கொள்வார். எல்லாப் படகும் கரைக்கு வரும் வரை மீட்பு இயந்திரப் படகுகளை மணலில் ஏற்றக் கூடாது.

எல்லாப் படகும் வந்துவிட்டன என்று எப்படித் தெரிந்துகொள்வது? முடிவுக் கோட்டில் நின்று எண்ணிப் பயனில்லை. காற்று மாறினால் பாதிப் படகுகள் பந்தயத்தைக் கைவிட்டு முகத்துவாரத்தில் ஒதுங்கிவிடும். அங்கே கைபேசி வேலை செய்யாது. அம்மையார் யோசித்து, சுரங்கத்தின் பித்தளை டோக்கன்களையே கடற்கரைக்குக் கொண்டுபோனார்.

சுரங்கத்தில் இறங்குகிறவர் தம் டோக்கனை வாயிலில் உள்ள பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார். பலகை காலியானால்தான் வெடி. கடற்கரையில் அதுவே தலைகீழ். படகுக்கு ஒரு டோக்கன். புறப்படும்போது பலகையிலிருந்து எடுத்துக் கயிற்றோடு கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். திரும்பியதும் மாட்ட வேண்டும். பலகை நிறைந்தால்தான் பரிசு. முகத்துவாரத்தில் ஒதுங்கியவர்களின் டோக்கன்களைக் காவலர் வேல்முருகன் வேனில் கொண்டுவந்து மாட்டிவிடுவார். எல்லோருக்கும் புரிந்த, எவருக்கும் சிரமமில்லாத ஏற்பாடு என்றே அனைவரும் நினைத்தோம்.

சென்ற ஆண்டு மாசி மாதப் பந்தயம் அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் அணியில் சுரங்க மேற்பார்வையாளர் அய்யாக்கண்ணுவும் ஆய்வகத்துத் தமிழழகனும் ஒரே படகில். அய்யாக்கண்ணு வாலிகண்டபுரத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் சுரங்கப் பலகையில் டோக்கன் மாட்டி இறங்கியவர். வெள்ளைப் பாய்களுக்கு நடுவே அவருடையது மட்டும் காவி நிறப் பாய். பார்க்க வந்திருந்த அவர் மனைவி மேகலா, "சாமியாரா போறதுன்னா சொல்லிட்டுப் போங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுறேன்" என்று சொல்ல, கடற்கரையே சிரித்தது. அம்மையாரும் சிரித்தார். சிரித்துவிட்டு, பலகையில் ஒரு டோக்கனும் மீதமில்லை என்று தடவிப் பார்த்துக்கொண்டு, தொடக்கக் கோட்டுப் படகில் ஏறிப் போனார். அவர் போனபின் கரையில் நடந்த ஒரு சின்னக் காரியத்தை அவர் பார்க்கவில்லை.

பிற்பகலில் காற்று வலுத்தது. கடலுக்கும் வானுக்கும் நடுவே சாம்பல் பூசியதுபோல் மங்கிவிட்டது. சில படகுகள் முடிவுக் கோட்டைக் கடந்தன. பல முகத்துவாரத்துக்கு ஒதுங்கின. வேனும் வந்தது. அம்மையார் கரைக்குத் திரும்பியபோது பலகை நிறைந்திருந்தது. மீட்புப் படகுகளை மணலில் ஏற்றியாகிவிட்டது. மேடையில் சிறப்பு விருந்தினர் அமர்ந்திருந்தார். மனிதவள மேலாளர் குருமூர்த்தி ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருந்தார்.

"பலகை ஃபுல்லுங்க மேடம். ஆரம்பிச்சிடலாமா?"

அம்மையாருக்கும் களைப்புதான். தலையாட்டிக்கொண்டே பலகையின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு டோக்கனாகத் தொட்டுக்கொண்டு வந்தார். சுரங்கத்து வாயிலிலும் அப்படித்தான். கண் பார்த்ததைக் கை பார்க்காமல் அவருக்குக் கணக்கு முடிந்ததாகாது. பித்தளை காற்றில் உலர்ந்திருந்தது. ஆனால் கயிறுகள் ஊறிப் பிசுபிசுத்தன. அலையில் நனையாமல் எந்தப் படகும் கரை ஏறுவதில்லை. ஈரம், ஈரம், ஈரம் என்று வந்த விரல்கள் ஓரிடத்தில் நின்றன.

ஒரு கயிறு மட்டும் காய்ந்திருந்தது. காலையில் அவரே முடிச்சுப் போட்டுக் கொடுத்தபடி, உப்புக்கூடப் படியாமல் இருந்தது. அது காவிப் பாயின் டோக்கன்.

"வேல்முருகன் வேன்ல கொண்டாந்ததா இருக்கும் மேடம்" என்றார் குருமூர்த்தி.

"வேன்ல வந்தாலும் கடல்லேர்ந்துதானே வரணும்? இது தண்ணியே பாக்கலிங்க."

அம்மையார் உடனே பந்தல் பக்கம் திரும்பினார். ஆனால் குரலை உயர்த்தவில்லை. கணவர் முகத்துவாரத்தில் ஒதுங்கியிருப்பார் என்று எண்ணி, மேகலா பையோடு பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய், ஒன்றும் நடக்காததுபோல் கேட்டார்.

"காலைல அய்யாக்கண்ணு ஒருதரம் திரும்பி வந்தாராம்மா?"

"நாந்தான் மேடம் கூப்டேன். விசில மறந்து எங்கிட்டயே வுட்டுட்டுப் போயிட்டாரு. விசில் இல்லாம போனா நீங்க திட்டுவீங்கள்ல? ஓடியாந்து கட்டிக்கிட்டுப் போனாரு."

"ரெண்டு கையாலயும் கட்டுனாரா?"

"ஆமா. கழுத்துல டோக்கன் கயிறு சிக்குதுன்னு கழட்டி…" மேகலாவின் பேச்சு பாதியில் நின்றது. அவள் கண்கள் பலகைக்குப் போயின. "அந்த ஆணியில மாட்டிட்டு… மேடம், அவரு அத எடுத்தாரா?"

எடுக்கவில்லை. டோக்கனை மாட்டிவிட்டு வேலைக்கு இறங்குவது அந்தக் கைக்குப் பல காலப் பழக்கம். மாட்டியதும் கால்கள் தாமாகவே படகுக்கு நடந்துவிட்டன. கரைக்கு வந்துவிட்டதாகப் பலகை சொன்ன இரண்டு பேர் கடலில் இருந்தார்கள்.

அம்மையார் திரும்பிப் போய் அந்த டோக்கனை ஆணியிலிருந்து கழற்றினார். பலகையில் ஓர் இடம் வெறுமையாயிற்று.

"குருமூர்த்தி சார், பந்தயம் இன்னும் முடியல. அழகேசன், ரெண்டு போட்டையும் எறக்குங்க. நீரோட்டம் எந்தப் பக்கம்?"

"தெக்கங்க."

"அப்ப ஒண்ணு நேரா தெக்க போகட்டும், ஒண்ணு கரையோரமா போகட்டும். எடையெடையே இஞ்சின நிறுத்திக் காது குடுத்துக் கேளுங்க. விசில் சத்தம் வரும்."

"சீஃப் கெஸ்ட் உக்காந்திருக்காரு மேடம்…" என்று குருமூர்த்தி தயங்கினார்.

"இன்னுங் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க சார். அங்க ரெண்டு பேருக்கு உக்கார எடமில்ல."

குருமூர்த்தி ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு படகைத் தள்ளப் போனார். சிறப்பு விருந்தினரும் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மேகலா தானும் படகில் ஏறப் போனாள். அம்மையார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தானே மேடம் அவரக் கூப்டேன்? கூப்டாம இருந்திருந்தா…"

"கூப்டாம இருந்திருந்தா அவரு கழுத்துல இப்ப விசில் இருக்காது. அதான் அவரக் காட்டிக் குடுக்கப் போவுது. இங்கயே நில்லும்மா. வர்றவங்களுக்குக் கரையில ஒரு ஆளு தெரியணும்."

படகுகள் புள்ளியாகும் வரை அம்மையார் அவள் கையை விடவில்லை.

இயந்திரச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அலை வந்து வந்து போயிற்று. வெயில் இறங்கும் நேரத்தில், கரையோரமாகப் போன படகிலிருந்து அழகேசனின் குரல் காற்றில் வந்தது. "கேக்குதுங்க! மூணு மூணா ஊதுறாங்க!"

கவிழ்ந்த படகின் அடிப்பலகையைக் கட்டிப்பிடித்தபடி இருவரும் இருந்தார்கள். கரை கண்ணுக்குத் தெரிந்தபோது தமிழழகன் நீந்திவிடலாம் என்றாராம். "விதியில என்ன எழுதியிருக்குன்னு மேடம் கேட்டா நீதான்டா பதில் சொல்லணும்" என்று அய்யாக்கண்ணு அவர் அங்கியைப் பற்றிக்கொண்டு விடவே இல்லையாம். படகு கவிழ்ந்தபோது தமிழழகனின் விசில் அறுந்து போய்விட்டதால், ஒரே விசிலை இருவரும் மாற்றி மாற்றி ஊதியிருக்கிறார்கள். மேகலா கூப்பிட்டுக் கொடுத்த அதே விசில்.

கரையில் இறங்கியதும் அய்யாக்கண்ணு நேரே பலகைக்குத்தான் போனார். கழுத்தைத் தடவினார். டோக்கன் இல்லை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"மைன்ஸுன்னு நெனச்சுட்டேன் மேடம்" என்றார், குளிரில் பல் கிட்டிக்கொள்ள.

"நல்ல வேள, பலகை நெறஞ்சதும் வெடி வைக்கல" என்றார் தமிழழகன்.

மேகலா துண்டை எடுத்துக் கணவர் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு, அதே துண்டால் அவர் தலையைத் துவட்டினாள். எல்லோரும் சிரித்தபோது அவள் மட்டும் அழுதாள்.

அம்மையார் தம் கையிலிருந்த டோக்கனை அய்யாக்கண்ணுவின் ஈரக் கையில் வைத்தார். "இப்ப மாட்டுங்க." அவர் மாட்டினார். கயிற்றின் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மணலில் விழுந்தது. "ம், இப்ப பரிசு குடுக்கலாம்" என்றார் அம்மையார்.

அய்யாக்கண்ணு மீது நடவடிக்கை வேண்டும் என்று மறுவாரக் கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. "வேலையில பழகுன கை அது. அந்தக் கை தப்பு பண்ற மாதிரி விதி எழுதுனது நான். மாத்த வேண்டியது விதியத்தான்" என்று அம்மையார் முடித்துவிட்டார். இப்போது கடற்கரைப் பலகையை யாரும் தொடக் கூடாது. டோக்கனைக் கையால் கொடுத்துக் கையால் வாங்க வேண்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். இந்த ஆண்டு எறையூர் அணியும் கேலி பேசாமல் அவ்விதியின்படியே நடந்தது.

பெருமதிப்புக்குரிய அம்மையீர்! கதை முடிந்தது, தாங்கள் எழுந்து போகாததற்கு நன்றி. கண்ணால் கண்டதைக் கையாலும் காணும் கவனமும், கடிந்து பேசாமலே கட்டுப்படுத்தும் கனிவும், பிறர் பிழையைத் தம் பிழையாய் ஏற்றுத் திருத்தும் பெருந்தன்மையும் தங்களிடம் கண்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டு விளக்குகள் வீட்டாரின் முகம் கண்டு எரிந்தன என்றால், அந்த வெளிச்சத்தில் தங்கள் பங்கு பெரிது.

இந்த மடலோடு, சுரங்க வாயிலில் தொங்கும் தங்கள் பெயர் பொறித்த டோக்கனை இன்று நாங்கள் கழற்றித் தரப் போவதில்லை. தாங்கள் முதல் நாள் மாட்டிய அதே டோக்கனை இன்றைக்காக அங்கே திரும்ப மாட்டி வைத்திருக்கிறோம். தங்கள் கைதான் எடுக்க வேண்டும். விழா முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து வாயிலுக்கு நடப்போம். மற்ற ஆணிகளை வழக்கம்போல் தொட்டுப் பாருங்கள். இன்று மாலை வெடி இல்லை, வேலை இல்லை. உள்ளே ஒருவரும் இல்லை. தங்களுடையது ஒன்றுதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

தென்றல் தொடும் தா.பழூர்த் தோட்டத்தில், பேரப்பிள்ளைகளின் மிதிவண்டி பிரேக்கைச் சோதித்துக்கொண்டு, நோயின்றி, நோவின்றி, நூறாண்டும் நிறைவாக வாழுங்கள். எங்களைப் பற்றிய கவலை வேண்டாம். எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

என்றும் தங்கள் கைக்கணக்கில் அடங்கிய,
சுரங்கம், ஆய்வகம், அலுவலகம், காவல் பிரிவு ஊழியர்கள்,
பாய்மரப் படகுக் கழகத்தார் மற்றும் அவர்தம் குடும்பத்தார்
செம்மலை சிமெண்ட் ஆலை, அரியலூர்